ஆட்டிடம் சொன்னது

மார்ச் 3, செவ்வாய்

மேஸ்திரி வந்து ஹாலை அளந்துவிட்டுப் போனார். நூல் பிடித்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. மாடிப்படி என் பக்கம். சமையலறையும் பின்வாசலும் அக்கா பக்கம். எனக்கு மாடியிலேயே ஒரு அடுப்பு மேடை கட்டித் தருகிறார். முப்பதாம் தேதி வேலை ஆரம்பம்.

கோடு சரியாக அவள் நாற்காலிக்கு அடியில் போனது. எழுந்திருக்கவில்லை மகாராணி. காலை மட்டும் தூக்கிக்கொண்டாள். தூக்கியபடியே மின்விசிறியைப் பார்த்து, "அப்பா கட்டின வீட்டுல சிலபேருக்குப் பாண்டி விளையாட ஆசை வந்திருக்கு" என்றாள்.

நான் மேஸ்திரியிடம், "சுவர் நல்லா தடிமனா இருக்கட்டும். அந்தப் பக்கம் பேசறது இந்தப் பக்கம் கேக்கக் கூடாது" என்றேன். மனுஷர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

ஐந்து வருஷமாக அக்காவும் நானும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கேட் சாவி. பேச்சு மட்டும் அத்தான் வழியாக. "அவகிட்ட சொல்லுங்க, பால் தீர்ந்துபோச்சுன்னு." "அவங்ககிட்ட சொல்லுங்க அத்தான், எனக்குக் கண்ணு இருக்குன்னு." மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்போம். அத்தான் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். முன்சீட்டுக்காரரின் டிக்கெட்டைப் பின்சீட்டுக்குக் கைமாற்றிப் பழகியவர் என்பதால் இத்தனை நாள் தாக்குப்பிடித்தார்.

போன வாரம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஆயுசு முழுக்கக் கத்திய குரல்நாண், அதில் முடிச்சு. இந்த மாதம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. கழுத்தில் சிலேட்டு தொங்குகிறது. சட்டைப்பையில் பழைய விசில். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போகலாம்.

ஆக, இப்போது அவள் மின்விசிறியோடு பேசுகிறாள். நான் ஃப்ரிட்ஜோடு பேசுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

நான் பல்செட் செய்கிற லேபில் இன்று ஒரு மேல்வரிசை அச்சு. கூட வந்த சீட்டில் நோயாளியின் தொழில் 'சர்வேயர்' என்று இருந்தது. அந்த ஆள் இல்லை, வேறு யாரோ கிழவர். ஆனாலும் மெழுகை உருகவைத்துவிட்டு மறந்துபோனேன். கருகியது. இத்தனை வருஷம் பல் கட்டுகிறேன், இப்படி ஆனதில்லை.

பதினோரு வருஷம் முன்னால் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார் அந்த சர்வேயர். காலையில் நான் துணி உலர்த்தும்போது அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பேச்சு வளர்ந்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு. இனிமேல் என்ன என்று நானே மூடிவைத்திருந்த விஷயம். ஒருநாள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார், சொல்லாமல் கொள்ளாமல். நான் என்ன, கதறியா அழுதேன்? ஒரு வாரம் துணியைக் கீழேயே உலர்த்தினேன், அவ்வளவுதான்.

பிறகு, ஐந்து வருஷம் முன்னால், பக்கத்து கிளினிக்குக்கு அவர் மனைவியோடு வந்தார். பல்லின் நிறம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அவராகவே, கோபம் எதுவும் இல்லாமல், "நான் வந்து கேட்டேனே, நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க" என்றார்.

யார் கேட்டார், யாரிடம் கேட்டார்? வாசலில் வந்து நின்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அவளும், "அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் அன்றைக்கு மாடியில்தான் இருந்தேன். படியேறி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏற வேண்டாம், கீழே நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

நான் கேட்டபோது அவள் சொன்னது: "நல்லதுக்குத்தான் பண்ணேன்." அதுதான் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன கடைசி வாக்கியம். நான்தான் நிறுத்தினேன். நிறுத்தியது சரி.

சுவர் சரி.

மார்ச் 7, சனி

அத்தான் மாடிக்கு வந்தார். சிலேட்டில் எழுதிக் காட்டினார், அழித்தார், எழுதினார். ஒரு தீவுக்குப் போக மூன்று பேருக்கும் முன்பே பதிவு செய்துவிட்டாராம். நாலு நாள். "மலை இல்லை. சுலபமான நடை. கடல்காற்று, தொண்டைக்கு நல்லது."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க அத்தான்."

எழுதினார்: "இந்த ஒரு தடவை வா. வந்தப்புறம் சுவர் கட்டு. நான் குறுக்கே நிக்க மாட்டேன். அவளையும் நிக்க விடமாட்டேன்."

அதுதான் எனக்கு வேண்டியது. அவள் குறுக்கே நின்றால் மேஸ்திரி செங்கலைத் தொடமாட்டார். சரி என்றேன். சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு விசில் ஊதினார். இந்த வீட்டில் சந்தோஷப்படத் தெரிந்த ஒரே ஆள், அவருக்கும் வாயில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். படகில் அவள் இடது ஓரம், நான் வலது ஓரம், நடுவில் அத்தான்.

இது என்ன தீவு! தென்னையும் பசுமையுமாக இருக்கும் என்று நினைத்தேன். எலும்பு நிறத்தில் பாறை. பாறை இல்லாத இடத்தில் முள். ஆறு கிடையாது, கிணறு கிடையாது, மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அளந்து விடுகிறார்கள். விடுதிக் குழாயில் வருகிற தண்ணீர் முகம் கழுவினால் உப்புக் கரிக்கிறது. சுற்றிலும் கடல், நடுவில் தாகம். யார் பணம் கொடுத்து இங்கே வருவார்கள்? அத்தான் வருவார்.

அவள் ஜன்னல் திரையிடம், "வந்த இடத்துலயும் சிலபேர் மூஞ்சியில கடுகு வெடிக்குது" என்றாள். நான் என் செருப்பிடம், "காசு கொடுத்து அழைச்சிட்டு வந்தது மூஞ்சி பாக்கவா?" என்றேன். அத்தான் ஒரு விசில் ஊதினார். இரண்டு பேரும் நின்றோம்.

மார்ச் 11, புதன்

மாலையில் நான் மட்டும் கீழே போய் விடுதிக்காரியிடம் நாளைய பாதையைக் கேட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். பாதை முடிகிற கடற்கரையில் ஒரு தோப்பு இருக்கிறது. வழியெல்லாம் இல்லாத நிழல் அங்கேதான் கிடைக்கும். அந்த நிழலில் உட்காரக் கூடாது. அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். இலை, காய், பட்டை எதையும் தொடக் கூடாது. ஒடித்தால் பால் வரும், பட்ட இடம் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. "உங்ககூட வர்றவங்ககிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

அத்தானிடம் சொன்னால் சிலேட்டில் எழுதி அக்காவுக்குக் காட்டுவார். தூங்கிவிட்டார். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 12, வியாழன்

அக்கா கண். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நேற்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நாள் போனால் என் வசதிக்கு மாற்றிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

விடிந்ததும் கிளம்பினோம். பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கம்பம், அதில் பச்சைப் புள்ளி. பச்சை என்றால் சுலபம், சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம். பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை காற்றில் விழுந்து குப்புறக் கிடந்தது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று நான் தாண்டிப் போனேன். அத்தானிடம் சொல்ல வேண்டும் என்பது அப்போதும் ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் உற்சாகமாக முன்னால் போய்விட்டார். நடுவில் அவள். அவளைத் தாண்டிப் போனால் தோள் உரசும். அதற்காகவே தாண்டவில்லை.

நடை சுலபம்தான். ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. சாம்பல் நிற மண், மிதித்தால் பொருக்குப் பொருக்காக உடைந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கள்ளி. ஒரே பக்கமிருந்து அடிக்கிற காற்றில் மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. முள் இல்லாத செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. யாரும் யாரையும் தொடாமல், தள்ளித் தள்ளி நின்று, கிடைத்ததைக் குடித்து உயிரோடு இருக்கிற இடம். மனுஷர்களும் இப்படி இருந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது.

பிறகு உப்புக் குளம். தண்ணீர் வற்றி வெள்ளைப் பாளமாகக் கிடந்தது, ஓரத்தில் மட்டும் ரோஸ் நிறத்தில் கொஞ்சம் ஈரம். அதைச் சுற்றிக்கொண்டு போனால் கூரான சுண்ணாம்புப் பாறை. அதற்குப் பிறகு இறக்கம், கடல். அங்கங்கே சொந்தக்காரர் இல்லாத ஆடுகள். அவள் வழியெல்லாம் தன் குடையோடு பேசிக்கொண்டே வந்தாள். "சுலபமான நடையாம். கூட வர்றவங்களைப் பொறுத்து இருக்கு." நான் கள்ளியிடம் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதை எல்லாம் எழுதினால் எனக்குத்தான் அசிங்கம்.

தோப்பு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தான் படம் எடுக்க அலைப்பக்கம் போய்விட்டார். அவள் நேராகப் போய் முதல் மரத்தடியில் உட்கார்ந்தாள். அடிமரத்தில் சிவப்புப் பட்டை, உப்புக் காற்றில் வெளுத்துப் பாதி போயிருந்தது. கீழே சின்னச் சின்னப் பச்சைக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. ஒற்றைக்கொம்பு ஆடு ஒன்று, அத்தனை நிழல் இருந்தும், வெயிலில் நின்றது.

இங்கேதான். என்ன செய்திருக்க வேண்டும்? 'அக்கா, எந்திரி' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. ஐந்து வருஷமாக வாயில் வராத வார்த்தை வந்து தொலைக்கவில்லை. நான் ஆட்டைப் பார்த்தேன்.

"ஏ ஆடே! அது விஷமரம். சிவப்புப் பட்டை போட்டிருக்குல்ல. அதுல பால் வடியும், பட்டா வெந்துரும். அறிவிருந்தா எந்திரிச்சு இந்தப் பக்கம் வா."

அந்த 'அறிவிருந்தா' எதற்கு? அது இல்லாமல் சொல்லியிருந்தால் எழுந்திருப்பாளோ? அது இல்லாமல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐந்து வருஷமாக நாங்கள் பேசியதில் விஷம் இல்லாத வாக்கியம் எது? அவளுக்கு அது எச்சரிக்கை என்று எப்படித் தெரியும்?

அவள் குடையிடம் சொன்னாள்: "நான் கொஞ்சம் நிழல்ல உக்காந்தாக்கூடச் சிலதுக்குப் பொறுக்காது. வயித்தெரிச்சல்." சொல்லிவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகவே, தலைக்கு மேலே இருந்த கிளையை இலையோடு ஒடித்து விசிறிக்கொண்டாள். ஒடிந்த இடத்தில் வெள்ளையாகக் கோர்த்தது. விரலில் வழிந்தது. நெற்றியில் வியர்வை. அந்தக் கையாலேயே துடைத்தாள்.

"அக்கா! கண்ணைத் தொடாதே!"

கத்திவிட்டேன். ஆடு ஓடியது. அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள், ஏதோ செத்தவர் குரலைக் கேட்ட மாதிரி. அதற்குள் கை கண்ணுக்குப் போய்விட்டது.

அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மணலில் உருண்டாள். நான் பாட்டிலைத் திறந்து முகத்தில் ஊற்றினேன், அவள் பாட்டிலையும் ஊற்றினேன், அத்தான் ஓடி வந்தார், அவருடையதையும் ஊற்றினேன். ஒரு சொட்டு பாக்கியில்லை. இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. போனில் சிக்னல் இல்லை. அந்தக் கரையில் நாங்கள் மூன்று பேர்தான், அதில் ஒருத்தருக்குக் கண் இல்லை, ஒருத்தருக்கு வாய் இல்லை.

அத்தான் பதறிப்போய் சிலேட்டில் ஏதோ எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பாவி மனுஷர். பிறகு அவருக்கே புரிந்து சிலேட்டைக் கீழே போட்டார். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"எந்திரி. நடக்கணும்."

"யாரு கை இது?"

"என் கைதான். எந்திரி."

எழுந்தாள். சுலபமான பாதையாம். கண்ணில்லாமல் நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும் அந்தப் பச்சைப் புள்ளி வைத்தவனை. கல்லு, காலைத் தூக்கு. முள்ளு, என் பக்கம் ஒட்டி வா. பள்ளம், மெதுவா இறக்கு. ஒவ்வொரு அடிக்கும் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டிடமோ கள்ளியிடமோ சொல்லி நடத்த முடியாது. நான் இரண்டு விநாடி சும்மா இருந்தால் அவள் நின்றுவிட்டாள். பின்னால் அத்தான் விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"அந்த விசிலை நிறுத்தச் சொல்லு அவரை."

திரும்பிச் சொன்னேன். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். "என்ன எழுதறாரு?" என்று கேட்டாள்.

"பயப்படாதே, கிட்ட வந்தாச்சுன்னு."

"வந்தாச்சா?"

"இல்ல. பாதிகூட வரல. உன் புருஷன் பொய் சொல்றாரு."

உப்புக் குளத்தருகே வரும்போது அவள் கேட்டாள், குரல் ஏறாமல்: "அது விஷமரம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நேத்தே தெரியும்."

"எங்கிட்ட சொல்லல."

"ஆட்டுக்கிட்ட சொன்னேனே."

"நான் என்ன ஆடாடி?"

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ. "நீ மட்டும்? நீ சொன்னியா? அவரு வாசல்ல வந்து நின்னாரு. நான் மாடியிலதான் இருந்தேன். செத்தா போயிருந்தேன்? ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன கேடு உனக்கு? கல்லு. காலைத் தூக்கு. என் வாயால வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெரியாதா?"

காலைத் தூக்கினாள். தாண்டினாள். பிறகு சொன்னாள்.

"நீ வேண்டாம்னு சொல்லமாட்டேன்னுதான் கேக்கல."

"என்ன?"

"கேட்டா நீ சரின்னுருப்ப. தெரியும் எனக்கு. போயிருப்ப. அதான் கேக்கல."

அழவில்லை அவள். மன்னிப்பும் கேட்கவில்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள், பள்ளிக்கூடத்தில் இவ்வளவு காலமும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்தானே. இந்த ஐந்து வருஷமும் நான் அவளுக்கு எத்தனையோ காரணம் கற்பித்துப் பார்த்திருக்கிறேன். அந்தஸ்து, பொறாமை, ஊர் என்ன சொல்லும், என்ன எழவோ. நிஜம் இவ்வளவு மட்டமாக, இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கையை உதறினேன். விட்டுவிட்டு நடந்தேன்.

எழுதத்தான் வேண்டும். கண் தெரியாதவளை, இரண்டு பக்கமும் முள் இருக்கிற பாதையில், வெயிலில் விட்டுவிட்டு நடந்தேன். வேகமாக நடந்தேன். நன்றாக இருந்தது. அந்த நிமிஷம் அவள் அங்கேயே காய்ந்து கருவாடாகட்டும் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு விசில். ஒன்றே ஒன்று.

நின்றேன். முப்பது வருஷம் அந்த ஊதலுக்கு லாரிக்காரன்கூட நின்றிருப்பான். திரும்பிப் பார்த்தேன். அத்தான் அவளுக்கு நாலு அடி பின்னால் நின்றிருந்தார். அவர் போய்ப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. அவள் நான் விட்ட இடத்திலேயே நின்றாள். நான் உதறிய கை அப்படியே நீட்டியபடி இருந்தது. வீங்கிய முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அக்கா யாரையும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இருக்கியாடி?"

"இருக்கேன்" என்றேன். திரும்பி வந்தேன். "இடது காலை முன்னாடி வை. முள்ளு இருக்கு."

இரண்டு விசில் கேட்டது.

மார்ச் 14, சனி

இரண்டு கண்ணிலும் கட்டு. டாக்டர் மணிக்கொரு தரம் கழுவி மருந்து விடுகிறார். உடனே தண்ணீர் ஊற்றியதால் தப்பித்தது என்றார். யார் ஊற்றியது என்று கேட்டார். "இவதான்" என்றாள் அக்கா. "ஒடிக்க வெச்சதும் இவதான்" என்று சேர்த்துக்கொண்டாள். சேர்க்காமல் விடமாட்டாளே.

என் உதட்டில் வெடிப்பு. விரலெல்லாம் கொப்புளம். பால் எனக்கும் பட்டிருக்கிறது. கவனிக்கவே இல்லை.

மார்ச் 16, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். படகில் அவளுக்குப் பக்கத்தில் நான் உட்கார வேண்டியதாயிற்று. அத்தான் எழுதுவதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. இப்போது புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் தூது. பாதி வழியில் அவர் ஏதோ எழுதிக் காட்டிவிட்டு வெட்கப்பட்டார். "அதெல்லாம் நான் படிக்கமாட்டேன் அத்தான்" என்றேன். "என்னடி எழுதறாரு?" என்று அவள் என்னைப் பிடுங்கி எடுத்தாள். "ஒண்ணுமில்ல, உன் தலை கலைஞ்சிருக்காம்" என்றேன்.

சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது. வேலைக்கார அம்மா அதைச் சுற்றிப் பெருக்கியிருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

சண்டை. நேருக்கு நேர். மருந்து விடும்போது கன்னத்தில் வழியவிடுகிறேனாம். பல்லுக்கு மெழுகு ஊற்றுகிற கை, கண்ணுக்கு வருமா என்றாள். அப்ப நர்ஸை வெச்சுக்கோ என்றேன். ஐந்து வருஷத்து பாக்கியை வட்டியோடு தீர்த்தோம். என் பழைய சைக்கிளை யார் விற்றது என்பது வரைக்கும் வந்துவிட்டது. அத்தான் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு விசிலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த விஷயத்தை மறுபடி கேட்டேன். நான் போனால் உனக்கு என்ன, கூட அத்தான் இருக்காரே என்றேன்.

"அவரு காலைல போனா ராத்திரி வருவாரு. நீ சத்தம் போடாம மாடியில இருந்தாலும், இருக்கேன்னு தெரியும்." கட்டுக்குள்ளிருந்து என்ன பார்த்தாளோ. "தப்புன்னு தெரிஞ்சுதான் பண்ணேன். நல்லதுக்குன்னு சொன்னது பொய்."

நான் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். என்ன வேண்டும் எனக்கு? இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தபிறகு வைக்க இடமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கட்டு பிரித்தார்கள். இடது கண் தேறிவிட்டது. வலது கண்ணில் ஒரு மங்கல், போக நாளாகும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். கருப்புக் கண்ணாடி. படியிறங்கும்போது கைப்பிடியைத் தடவுகிறாள்.

மன்னித்துவிட்டேனா? இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன், இல்லை. போன பதினோரு வருஷத்தை எந்த லேபில் அச்செடுத்துத் திருப்பிக் கட்டுவது?

மார்ச் 27, வெள்ளி

மேஸ்திரி போன் செய்தார். திங்கள்கிழமை செங்கல் கொண்டு வருகிறாராம். சரி என்றேன். அக்கா கீழே இருந்தாள், கேட்டிருக்கும். மின்விசிறியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் சிலேட்டை எடுக்கவில்லை, வாக்குக் கொடுத்த மனுஷர்.

சமையலறையில் எனக்கென்று வாங்கி வைத்திருந்த புது அடுப்பை மாடிக்கு ஏற்றினேன். அவள் கருப்புக் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்து. அட்டைப்பெட்டி அடியில பிஞ்சிருக்கு" என்றாள். பிய்ந்துதான் இருந்தது.

மார்ச் 30, திங்கள்

காலையில் கேட் சத்தம். லாரி நிற்கிற சத்தம். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், இறங்கவில்லை. கீழே மேஸ்திரி குரல்: "அம்மா, செங்கல் இறக்கிரலாமா? தங்கச்சி இருக்காங்களா?"

அக்காதான் வாசலில் இருந்தாள்.

நான் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. 'அவ மனசு மாறிட்டாப்பா, எடுத்துட்டுப் போ.' சொன்னால் மேஸ்திரி நம்புவார், போய்விடுவார். வாசலில் வந்தவனை என் பேரைச் சொல்லித் திருப்பி அனுப்புவது அவளுக்குப் புதிதா? இந்தச் சுவர் வராமல் இருப்பதுதான் அவளுக்கு உயிர்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

நேற்று டாக்டர் அத்தானைப் பேசச் சொல்லிவிட்டார். கட்டைக் குரல், ஆனாலும் குரல். அவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைத் தடவித் தடவி. நடுவில் ஒருமுறை நின்றாள். அந்த வளைவில் வெளிச்சம் போதாது. நான் போய்ப் பிடித்திருக்கலாம். போகவில்லை. வரட்டும் என்று இருந்தேன்.

மொட்டைமாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"மேஸ்திரி வந்து கீழ நிக்கிறாரு. என்ன சொல்லட்டும்?"

கருப்புக் கண்ணாடிக்குள் எந்தக் கண் என்னைப் பார்த்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் இப்போது யாரும் செடி வைப்பதில்லை.

"வேண்டாம்னு சொல்லு" என்றேன். "உன்னை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே."

"யாருடி உன் மன்னிப்பைக் கேட்டா?" என்றாள். திரும்பி, கைப்பிடியைத் தேடி, இறங்கினாள்.

நான் மாடிக் கைப்பிடிச்சுவரோரம் வந்து நின்று காது கொடுத்தேன்.

"வேண்டாமாம்" என்றாள் மேஸ்திரியிடம். "நான் சொல்லலப்பா. அவகிட்ட கேட்டேன். அவதான் சொன்னா."